திரையில் இருப்பது பழைய செய்தி

முனையத்தில், அதாவது எழுத்துகளால் மட்டுமே பேசும் கட்டளைத் திரையில், இயங்கும் கோப்பு மேலாளர் ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதை நான் தொடங்கவில்லை. தொடங்கியவருக்கு வேறு வேலைகள் சேர்ந்துவிட்டபோது, அதுவரை இரண்டே இரண்டு சிறு திருத்தங்களை அனுப்பியிருந்த என்னிடம் களஞ்சியத்தின் பொறுப்பு வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை என்பதுதான் காரணம். சி மொழியில் எழுதப்பட்டு, திரையை வரைய என்கர்சஸ் நூலகத்தை நம்பியிருக்கும் நடுத்தர அளவுள்ள நிரல் அது. பெயரைச் சொன்னால் விளம்பரம் போலாகிவிடும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

இந்த வகை நிரல்களுக்கு வயது அதிகம். ஜான் சோச்சா எழுதிய நார்ட்டன் கமாண்டர் 1986இல் டாஸ் கணினிகளுக்கு வந்தது. இடப்பக்கம் ஒரு கோப்புறையும் வலப்பக்கம் ஒரு கோப்புறையும் காட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை அனுப்பும் அமைப்பு அதனுடையது. மிகேல் டி இகாசா 1994இல் அதே அமைப்பை மிட்நைட் கமாண்டர் என்ற பெயரில் யூனிக்ஸ் பக்கம் கொண்டுவந்தார். பின்னர் வந்த ரேஞ்சர், எல்எஃப், யாஸி போன்றவை மேற்கோப்புறை, நடப்புக் கோப்புறை, முன்னோட்டம் எனத் திரையை மூன்று பத்திகளாகப் பிரித்தன. தோற்றம் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: கோப்புறையைப் படிப்பது, பெயர்களை வரிசைப்படுத்துவது, திரையில் எழுதுவது, பயனர் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருப்பது.

அந்தக் காத்திருப்பு அரை நொடியாகவும் இருக்கலாம், பயனர் எழுந்து போய்விட்டால் அரை நாளாகவும் இருக்கலாம். அதற்குள் வேறொரு நிரல் அந்தக் கோப்புறையில் எதையாவது உருவாக்கியிருக்கும், அழித்திருக்கும், பெயர் மாற்றியிருக்கும். ஆகவே பட்டியல் திரையில் எழுதப்பட்ட கணத்திலேயே பழைய செய்தியாகிவிடுகிறது. பயனரோ அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். நான் இதுவரை சரிசெய்த மோசமான வழுக்களைத் திரும்பிப் பார்க்கும்போது, அவற்றுள் பெரும்பாலானவை நிரல் தன்னிடமிருந்த பழைய செய்தியை நடப்பு நிலவரம் என்று நம்பியதால் வந்தவை.

முதலாவது, நான் பெருமையுடன் சேர்த்த ஒரு வசதியால் வந்தது. கோப்புறையில் மாற்றம் நேர்ந்தால் பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று பயனர்கள் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலில் 2.6.13 பதிப்பிலிருந்தே, அதாவது 2005 முதல், ஐநோட்டிஃபை என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு கோப்புறையைக் கவனிக்கச் சொல்லி வைத்தால், அதில் எது மாறினாலும் கர்னலே தெரிவிக்கும். அதைப் பயன்படுத்திப் புதுப்பித்தலைச் சேர்த்தேன். நன்றாகவே வேலை செய்தது. சில வாரங்கள் கழித்து ஒருவர், தான் அழிக்கச் சொன்ன கோப்பு அப்படியே இருக்க, அதற்கு மேல்வரியில் இருந்த கோப்பு அழிந்துவிட்டது என்று எழுதினார். முதலில் நான் நம்பவில்லை. விசையைத் தவறாக அழுத்தியிருப்பார் என்று நினைத்தேன். நல்லவேளையாக அந்த நினைப்பைப் பதிலாக எழுதி அனுப்பவில்லை.

நடந்தது இதுதான். நிரல் கர்சரின் இடத்தை வரிசை எண்ணாக நினைவில் வைத்திருந்தது. பயனர் 12ஆம் வரியில் நின்று அழிக்கும் விசையை அழுத்துகிறார். ‘1 கோப்பை அழிக்கலாமா?’ என்ற கேள்வி கீழே வருகிறது; அவர் ‘ஆம்’ என்பதற்கான விசையைத் தேடும் நேரத்தில் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பதிவிறக்கம் பட்டியலின் மேற்பகுதியில் ஒரு புதிய கோப்பை உருவாக்குகிறது; ஐநோட்டிஃபை தட்டி எழுப்புகிறது; பட்டியல் ஒரு வரி கீழே நகர்கிறது; 12ஆம் வரியில் இப்போது நிற்பது அதுவரை 11ஆம் வரியில் இருந்த கோப்பு. பழைய பதிப்பில் பட்டியல் அசையாமல் கிடந்ததால் இந்தக் குறை இருந்தும் வெளியே தெரியவில்லை. நான் செய்த மேம்பாடு அதற்கு வழி திறந்துவிட்டது.

திருத்தம் சிறியதாகத்தான் முடிந்தது. விசை அழுத்தப்பட்ட கணத்திலேயே தேர்வு உறைந்துவிட வேண்டும். அது வரிசை எண்ணாக இல்லாமல், கோப்பின் பெயரும், கோப்பு முறைமை அதற்கு உள்ளுக்குள் வைத்திருக்கும் அடையாளமான ஐநோட் எண்ணும் சேர்ந்த குறிப்பாக இருக்க வேண்டும். உறுதி கேட்கும் வரியில் எண்ணிக்கையோடு கோப்பின் பெயரும் தெரிய வேண்டும். அழிப்பதற்குச் சற்று முன் அந்தப் பெயரில் இருப்பது அதே ஐநோட்தானா என்று பார்த்துவிட்டு அழிக்க வேண்டும். இத்தனை செய்த பிறகும் சோதனைக்கும் அழிப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி எஞ்சுகிறது, ஏனெனில் ‘இந்த ஐநோட்டை அழி’ என்று கேட்கும் வழி லினக்ஸில் இல்லை. பெயரைச் சொல்லித்தான் கேட்க முடியும். முழுப் பாதையைக் கொடுக்காமல், திறந்து வைத்த கோப்புறையின் கைப்பிடியோடு பெயரை மட்டும் கொடுத்தால், நடுவில் யாராவது மேற்கோப்புறையின் பெயரை மாற்றினாலும் தவறான இடத்தில் கை வைக்காமல் தப்பலாம். அவ்வளவுதான் முடியும்.

இரண்டாவது வழுவை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஒரு கோப்பை நகர்த்துவது என்றால் பயனர் மனத்தில் அது ஒரே செயல். ஒரே கோப்பு முறைமைக்குள் அது உண்மையும்கூட; ரீநேம் என்ற ஒரே சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) போதும், பழைய பெயர் மறைவதும் புதிய பெயர் தோன்றுவதும் பிளவில்லாமல் நடக்கும், கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. வேறொரு வட்டுக்கோ வலையில் உள்ள சேமிப்பகத்துக்கோ நகர்த்தும்போது கர்னல் ‘எக்ஸ்டெவ்’ என்ற பிழையைக் கொடுத்துக் கைவிரித்துவிடும். அப்போது கோப்பு மேலாளர் தானே முழுவதையும் படியெடுத்து, பிறகு மூலத்தை அழிக்க வேண்டும். திரையில் இரண்டுக்கும் ஒரே விசை, ஒரே சொல்.

படியெடுக்கும் பகுதியில் எழுதுதல் ஒவ்வொன்றின் விளைவையும் நிரல் சோதித்தது. கோப்பை மூடும் அழைப்பின் விளைவை மட்டும் சோதிக்கவில்லை. மூடுவதில் என்ன பிழை வரப்போகிறது என்ற எண்ணத்தோடு அந்த வரியை எழுதியது நான்தான். ஆனால் எழுதுதல் வெற்றி என்று கர்னல் சொல்வதற்கு, தரவு அதன் நினைவகத்தில் ஏற்கப்பட்டது என்பது மட்டுமே பொருள். என்எஃப்எஸ் போன்ற வலைக் கோப்பு முறைமைகளிலும், ஒருவருக்கு இவ்வளவு இடம் என்று ஒதுக்கீடு வைத்திருக்கும் இடங்களிலும், ‘இடம் போதவில்லை’ என்ற பதில் கோப்பை மூடும்போதுதான் வந்து சேரலாம். அந்த அழைப்பின் கையேட்டுப் பக்கத்திலேயே, விளைவைச் சோதிக்காவிட்டால் தரவு ஓசையின்றி இழக்கப்படலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஒரு பயனர் தன் வேலைக் கோப்புறையைச் சேவையகத்துக்கு நகர்த்தினார். அங்கே இடம் தீர்ந்தது. எங்கள் நிரல் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டு மூலங்களை அழித்தது. மறுமுனையில் இருந்த கோப்புகளில் சில பாதியாகவும் சில வெறுமையாகவும் கிடந்தன. அவரிடம் நகல் இருந்தது. இல்லாமல் போயிருந்தால் நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை.

அதன் பிறகு அந்தப் பகுதியை முழுவதும் திரும்ப எழுதினேன். இலக்கில் முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் கோப்பு உருவாகும். உள்ளடக்கம், அனுமதிகள், நேரம், விரிபண்புகள் எல்லாம் அதில் சேரும். மூடுதல் உள்பட ஒவ்வோர் அழைப்பும் சோதிக்கப்படும். பிறகுதான் அது உண்மையான பெயரைப் பெறும். அந்தப் பெயர்மாற்றத்திலும் ஒரு கண்ணி உண்டு. இலக்கில் அதே பெயரில் கோப்பு இல்லை என்று பார்த்துவிட்டு ரீநேம் அழைத்தால், பார்த்ததற்கும் அழைத்ததற்கும் நடுவே வேறொருவர் அந்தப் பெயரில் ஒரு கோப்பை வைத்துவிடலாம். ரீநேம் கேள்வி கேட்காமல் அதன்மேல் அமர்ந்துவிடும். லினக்ஸ் 3.15இல் வந்த ரீநேம்அட்2 என்ற அழைப்பில் ‘ஏற்கெனவே இருந்தால் மாற்றாதே’ என்று சொல்ல ஒரு கொடி இருக்கிறது. எல்லாக் கோப்பு முறைமைகளும் அதை ஏற்பதில்லை. ஏற்காத இடத்தில் பழைய வழிக்கே திரும்புகிறோம்.

மூலத்தை அழிப்பதற்கு முன் தரவு வட்டில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு கோப்புக்கும் எஃப்சிங்க் அழைப்பதுதான் நேரான வழி, அப்படித்தான் வெளியிட்டோம். சிறிய கோப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ள கோப்புறையை நகர்த்துகிறவர்கள் உடனே முறையிட்டார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் வட்டின் பதிலுக்காக நின்று நின்று போனதால், முன்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை இப்போது நகர மறுத்தது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் படியெடுத்த பின் இலக்கு முழுவதற்கும் ஒரே ஒரு முறை சிங்க்எஃப்எஸ் அழைக்கிறோம். அது வெற்றி பெற்றால் மட்டுமே மூலங்களை அழிக்கத் தொடங்குகிறோம். லினக்ஸ் 5.8க்கு முன் அந்த அழைப்பு வட்டில் எழுதும்போது நேர்ந்த பிழையைத் திருப்பிச் சொல்லாது. ஆகவே பழைய கர்னல்களில் கோப்புக்கோர் எஃப்சிங்க் என்ற மெதுவான வழியே ஓடுகிறது. இந்த ஒரு நிபந்தனைக்காக நான் படித்த கர்னல் குறிப்புகளின் அளவு, நிரலின் அந்தப் பகுதியைவிடப் பல மடங்கு இருக்கும்.

இப்படிப் பாதுகாப்பாக எழுதிய வழியே அடுத்த வழுவைப் பெற்றெடுத்தது. தற்காலிகப் பெயருக்கு, மூலப் பெயரின் முடிவில் ஒரு புள்ளியும் நான்கு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பெயர்களில் ஒருவரும் குறை காணவில்லை. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் (எழுத்துக்கோ அதில் ஒட்டும் குறிக்கோ யூனிகோடு தரும் எண்) ஒவ்வொன்றும் 3 பைட்டு. எனவே தமிழில் 85 குறியெண்களோடு இடம் தீர்ந்துவிடும். கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் 84 குறியெண்கள் கொண்ட பெயர் இருந்தது: 252 பைட்டு. அதோடு எங்கள் 5 பைட்டு ஒட்டு சேர்ந்ததும் 257. கோப்பைப் படியெடுக்க முடியவில்லை, பெயர் மிக நீளம் என்று நிரல் சொன்னது. அந்தப் பெயர் அவர் வட்டில் ஏற்கெனவே சட்டப்படி உட்கார்ந்திருக்கிறது. இப்போது தற்காலிகப் பெயருக்கும் மூலப் பெயருக்கும் தொடர்பே இல்லை. குறுகிய, ஏதோ ஓர் எண்.

தமிழ்ப் பெயர்களால் நான் கற்றது இதோடு நிற்கவில்லை. முனையம் சம அகலக் கட்டங்களால் ஆனது. ஒரு பெயர் எத்தனை கட்டங்களை அடைக்கும் என்று நிரல் முன்கூட்டியே கணக்கிட்டால்தான் அடுத்த பத்தியைச் சரியான இடத்தில் தொடங்க முடியும். அந்தக் கணக்குக்கு மார்க்கஸ் கூன் எழுதிப் பரவலாகப் படியெடுக்கப்பட்ட ஒரு சிறு செயற்கூறு உண்டு. யூனிகோடு தரத்தில் ‘இடம் அடைக்காத ஒட்டுக்குறி’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு அது சுழியம் கொடுக்கிறது; ‘இடம் அடைக்கும் ஒட்டுக்குறி’களுக்கு ஒரு கட்டம் கொடுக்கிறது. தமிழில் மெய்யின் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரக் குறி, உகரக் குறி, கால் முதலான மற்றவை இரண்டாம் வகை. ‘நீர்’ என்பதும் ‘கிளி’ என்பதும் கண்ணுக்கு இரண்டிரண்டு எழுத்துகள். இரண்டும் நான்கு குறியெண்கள், 12 பைட்டுகள். ஆனால் இந்தக் கணக்கில் ‘நீர்’ அடைப்பது 2 கட்டங்கள், ‘கிளி’ அடைப்பது 4. இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் இப்படியொரு வேறுபாடு இருக்கும் என்று தமிழ் எழுதும் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

கணக்கு விந்தையாக இருந்தாலும் இரு தரப்பும் அதையே பின்பற்றினால் திரை கலையாது. முனைய நிரல் வேறொரு கணக்கு வைத்திருந்தால்தான் வினை. கர்சர் 30ஆம் கட்டத்தில் இருப்பதாக எங்கள் நிரல் நம்பும், முனையம் அதை 27இல் நிறுத்தியிருக்கும். அங்கிருந்து ஒவ்வொரு வரியும் பிசகி, பத்திக் கோடுகள் பல்லிளிக்கும், முன் வரியின் எச்சம் அழியாமல் தங்கும். சிலர் அனுப்பிய திரைப்பிடிப்புகளில் ஒரு கோப்பின் பெயரும் இன்னொரு கோப்பின் அளவும் ஒரே வரியில் ஒட்டிக்கிடந்தன. அதைப் பார்த்து ஒருவர் எந்தக் கோப்பு பெரியது என்று முடிவெடுத்து அழித்தால், முதல் வழுவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். இப்போது ஒவ்வொரு பத்தியையும் எழுதத் தொடங்கும் முன், கர்சரை இத்தனையாவது கட்டத்துக்குப் போ என்று வெளிப்படையாக முனையத்துக்குச் சொல்லிவிடுகிறோம். பெயருக்குள் பிசகு இருந்தாலும் அடுத்த பத்திக்குள் அது கசியாது. சற்றுக் கூடுதலான பைட்டுகள் போகின்றன; தொலைவிலுள்ள சேவையகத்தில் வேலை செய்பவர்கள்கூட இதுவரை குறை சொல்லவில்லை.

கோப்புப் பெயரில் சாய்கோடும் சுழியப் பைட்டும் தவிர எந்தப் பைட்டும் வரலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வரிமுறிப்பு வரலாம், முனையத்துக்குக் கட்டளையிடும் எஸ்கேப் பைட்டும் வரலாம். அப்படிப்பட்ட பெயரை அப்படியே திரையில் கொட்டினால், யாரோ அனுப்பிய சுருக்கக் கோப்பைத் திறந்து பார்த்தவுடன் முனையத்தின் நிறமோ தலைப்போ, சில சமயம் அதைவிட மோசமான ஏதோவோ மாறும். ஜிஎன்யூவின் எல்எஸ் கட்டளையே 2016இல் வந்த கோர்யூட்டில்ஸ் 8.25 முதல்தான் விசித்திரமான பெயர்களை மேற்கோள் குறிக்குள் காட்டத் தொடங்கியது. நாங்கள் அதற்கும் பிந்தினோம்.

வழு என்று பதிவாகி, வழுவே அல்லாதது ஒன்றும் மாதந்தோறும் வரும். கோப்பு மேலாளரில் நெடுந்தொலைவு நடந்துபோய் வெளியேறினால், முனையத்தில் கட்டளைகளை ஏற்கும் நிரலான ஷெல் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறதே என்பார்கள். யூனிக்ஸில் ஒரு செயல்முறை தன்னைப் பெற்ற செயல்முறையின் நடப்புக் கோப்புறையை மாற்ற முடியாது. அதனால் இத்தகைய நிரல்கள் எல்லாம் ஒரே தந்திரத்தைச் செய்கின்றன: கடைசிக் கோப்புறையின் பாதையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு வெளியேறும், ஷெல்லில் நீங்கள் சேர்த்துவைத்த நான்கு வரிச் செயற்கூறு அதைப் படித்து அங்கே போகும். இதை உதவிக் குறிப்பின் முதல் பக்கத்தில் வைத்தும் கேள்வி நின்றபாடில்லை. நான் கோபப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டேன். அந்த நான்கு வரிகளை அச்சிட்டுத் தரும் ஒரு கட்டளைத்தேர்வைச் சேர்த்த பிறகு கேள்விகள் பாதியாகக் குறைந்தன.

வசதி கேட்பவர்களுக்கு நான் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்கிறேன். படங்களை முனையத்திலேயே காட்டுவது, சுருக்கக் கோப்புக்குள் நுழைந்து திருத்துவது, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் காட்டும் நிலையைப் பெயருக்குப் பக்கத்தில் வரைவது என எல்லாமே நல்லவைதான், ஒவ்வொன்றுக்கும் நிரலும் எழுதி அனுப்புகிறார்கள். ஒருவர் 900 வரிகளை அன்பளிப்பாகத் தரும்போது மறுப்பது கடினம். ஆனால் படம் காட்டும் முறை மட்டும் சிக்ஸெல், கிட்டி நெறிமுறை என்று முனையத்துக்கு முனையம் மாறுகிறது, எழுதியவர் ஆறு மாதத்தில் வேறு கருவிக்கு மாறிவிடுவார், பிறகு அதில் வரும் ஒவ்வொரு வழுவும் என் மேசைக்கு வரும். வெளியிலிருந்து ஓட்டக்கூடிய துணைநிரலாக எழுதித் தாருங்கள் என்று கேட்கிறேன். பாதிப்பேர் எழுதித் தருகிறார்கள். இயல்புநிலை விசைகளை மாற்றச் சொல்பவர்களுக்கு மட்டும் விளக்கம்கூடத் தருவதில்லை. ஒரு முறை மாற்றிப் பார்த்தோம், படியெடுக்க நினைத்து வெட்டியவர்களின் அறிக்கைகளை ஒரு மாதம் படித்தேன்.

பொறுப்பைப் பகிர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. 2024 மார்ச்சில் தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக நுழையும் வழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃபிராயுண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தபோது, அந்தச் செய்தியில் என்னை உறுத்தியது நுட்பமான குறியீடு அல்ல. தனியாளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளர் மீது அஞ்சல்களில் அழுத்தம் ஏற்றி, உதவிக்கு வந்தவராகத் தோன்றிய ஒருவருக்குப் பொறுப்பைக் கொடுக்க வைத்த விதம்தான் உறுத்தியது. எனக்கும் அதே போன்ற உதவிகள் வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை நேர்மையானவை, ஆனால் எது எதுவென்று அஞ்சலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது இரண்டு பேர் என்னோடு இருக்கிறார்கள். கோப்புகளை அழிக்கும், நகர்த்தும், பெயர்மாற்றும் மூன்று மூலக் கோப்புகளில் யார் கை வைத்தாலும், நானே வைத்தாலும், இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது சேரும். மற்றப் பகுதிகளில் அவ்வளவு கண்டிப்பு இல்லை.

இந்த வாரம் மேசையில் இருப்பது ஒரு விசித்திரமான அறிக்கை. ஒரே கோப்பு பட்டியலில் இரண்டு முறை தெரிகிறது, ஒன்றை அழித்தால் மற்றொன்று போவதில்லை என்கிறார் ஒருவர். பெயர் ‘கொ’ என்று தொடங்குகிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முன்னது ககரத்தோடு சேர்ந்து 6 பைட்டு, பின்னது 9. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த ஒரு சுருக்கக் கோப்பை அவர் லினக்ஸில் விரித்திருக்கிறார், அதே பெயரைத் தானும் தட்டச்சிட்டிருக்கிறார். லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பைட்டுத் தொடர்கள், ஆகவே இரண்டு கோப்புகள். கண்ணுக்கு ஒன்று.

பெயர்களை நாமே ஒரே வடிவுக்கு மாற்றிக் காட்டலாம் என்று உடன்பணியாளர் ஒருவர் சொன்னார். நான் ஏற்கவில்லை, மாற்றிய பெயரைக் கொண்டு திறக்கப்போனால் கர்னல் அப்படியொரு கோப்பு இல்லை என்று சொல்லும், அல்லது இரட்டையில் மற்றதைத் திறக்கும். தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்வது, பட்டியலில் இப்படி இரட்டைகள் இருந்தால் இரண்டின் முடிவிலும் பைட்டு எண்ணிக்கையை மங்கலாக எழுதிக் காட்டுவது, அழிக்க உறுதி கேட்கும் வரியிலும் அதே எண்ணைச் சேர்ப்பது என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். இரட்டைகளைக் கண்டுபிடிக்க எல்லாப் பெயர்களையும் ஒரு முறை இயல்பாக்க (ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட) வேண்டியிருப்பதால், ஒரு லட்சம் கோப்புகள் உள்ள சோதனைக் கோப்புறை திறப்பதற்குத் தயங்குகிறது. ஆங்கில எழுத்துகள் மட்டுமே உள்ள பெயர்களைத் தொடாமல் தாண்டிப் போகும் திருத்தம் ஒன்றை நேற்று இரவு சேர்த்தேன். உடன்பணியாளர் இன்னும் படிக்கவில்லை.